தலைகீழ் வகுப்பறை: மிச்சமாகும் ஐம்பது நிமிடத்தை என்ன செய்வது?

இன்ஜினியரிங் படித்த யாருக்கும் இப்படி ஓர் இரவு நினைவிருக்கும். பகலில் வகுப்பில் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. பேராசிரியர் போர்டில் சமன்பாட்டை வரிவரியாக எழுதிக்கொண்டே போனார், நோட்டிலும் அப்படியே இறங்கிவிட்டது. ராத்திரி அசைன்மென்ட்டின் முதல் கணக்கை எடுத்தால் கை ஓடவில்லை. சூத்திரம் தெரியாமல் இல்லை. எந்த உறுப்பைத் தனியாகப் பிரித்து வரைவது, எந்த முனையில் என்ன விசை போடுவது என்ற முதல் படியிலேயே சிக்கல். கேட்க ஆளில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, பக்கத்து அறை நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதி முடித்துப் படுத்துவிடுவோம்.

கொஞ்சம் யோசித்தால் இந்த ஏற்பாடு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்வதற்கு யாருடைய துணையும் தேவையில்லை. அது ஆசிரியர் முன்னிலையில் நடக்கிறது. திணறித் திணறிக் கணக்குப் போடும்போதுதான் துணை வேண்டும். அந்த நேரத்தில் மாணவர் தனியாக இருக்கிறார். இந்த இரண்டையும் இடம் மாற்றிவிடுவதுதான் ஃபிளிப்டு கிளாஸ்ரூம். தமிழில் தலைகீழ் வகுப்பறை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். பாடத்தின் முதல் அறிமுகத்தை மாணவர் வகுப்புக்கு வரும் முன்பே வீடியோவிலோ புத்தகத்திலோ முடித்துவிடுவார். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்கு, விவாதம், வடிவமைப்பு.

இதைக் கேட்டதுமே பலருடைய கவனம் வீடியோவுக்குப் போய்விடுகிறது. என்ன கேமரா, என்ன மென்பொருள், எத்தனை நிமிடம் என்றெல்லாம் பேச்சு. என் பார்வையில் வீடியோ இதில் சின்ன சமாச்சாரம். வகுப்பில் மிச்சமாகும் அந்த ஐம்பது நிமிடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆராய்ச்சி முடிவுகளைப் படித்தாலும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறோம்.

வீடியோ இதில் முக்கியமில்லை என்பதற்கு வரலாறே சாட்சி. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிதான் அந்த நாட்டில் இன்ஜினியரிங் கல்வி வேர்பிடித்த முதல் இடம். 1817 முதல் 1833 வரை அதை நடத்திய சில்வேனஸ் தேயர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மாணவர்கள் பாடத்தை முதல் நாளே புத்தகத்தில் படித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் சிறு சிறு பிரிவுகளாக நின்று, கரும்பலகையில் தாங்களே கணக்கைப் போட்டு விளக்க வேண்டும். ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்பார், தினமும் மதிப்பெண் உண்டு. தேயர் முறை என்று இன்றும் அங்கே அதற்குப் பெயர். மின்சாரமே இல்லாத காலத்துத் தலைகீழ் வகுப்பறை!

நம் காலத்துக் கதை ஹார்வர்டில் தொடங்குகிறது. எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறவர், மாணவர்களும் அவருக்கு நல்ல மதிப்பீடு கொடுத்துவந்தார்கள். 1990 வாக்கில், நியூட்டன் விதிகளைப் பற்றிய எளிய கருத்துக் கேள்விகள் சிலவற்றை அவர் தன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போடுகிறவர்கள் அதில் தடுமாறினார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டாராம். அந்தக் கேள்வி மசூரை உலுக்கிவிட்டது. அதன் பிறகு வகுப்பில் விரிவுரையைச் சுருக்கிக்கொண்டு, கேள்வியைக் கொடுத்து மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டார். சக மாணவர் வழிக் கற்றல் என்ற முறை இப்படித்தான் பிறந்தது. 2000-இல் ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர்கள் மூவர் வகுப்பறையைத் தலைகீழாக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 2007-இல் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வரமுடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பெயர் பரவியது அவர்களுக்குப் பிறகுதான்.

சரி, அப்படிப்பட்ட ஒரு வகுப்பு நடக்கும்போது எப்படி இருக்கும்? முதலாண்டு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பாடம், கப்பிள். அதாவது சம அளவில், ஒரே கோட்டில் இல்லாமல் இணையாக, எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரண்டு விசைகள் சேர்ந்து தரும் வெறும் திருப்பம் (மொமென்ட்). மாணவர்கள் முந்தைய நாளே இரண்டு சின்ன வீடியோ பார்த்துவிட்டு, மூன்று கேள்விக்கு இணையத்தில் பதில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி எப்போதும் ஒன்றேதான்: இதில் உங்களைக் குழப்புவது எது? வகுப்புக்கு முன் ஆசிரியர் அந்தப் பதில்களை ஒரு பார்வை பார்த்துவிடுகிறார். இந்தப் பாடத்தில் வழக்கமாக எட்டிப்பார்க்கும் குழப்பம், கப்பிளை எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிடுவது என்பதுதான்.

வகுப்பு தொடங்கியதும் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுகிறார். பிறகு திரையில் ஒரு படம். 6 மீட்டர் நீளமுள்ள பீம், அதாவது உத்தரம். இடது முனையில் நகரவிடாமல் பிடிக்கும் பின் (pin) சப்போர்ட், வலது முனையில் பக்கவாட்டில் நகரவிடும் ரோலர். இடமிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் மீட்டர் கப்பிள். இதை அப்படியே 4 மீட்டர் புள்ளிக்கு நகர்த்தினால், இரண்டு முனையிலும் சப்போர்ட்டுகள் பீமுக்குத் தரும் எதிர்விசைகள், அதாவது ரியாக்‌ஷன்கள் என்ன ஆகும்? இடது கூடுமா, வலது கூடுமா, இரண்டும் மாறாதா? யாரும் யாரோடும் பேசாமல் முதலில் ஓட்டுப் போட வேண்டும்.

வலது கூடும் என்று நிறையப் பேர் கை தூக்குவார்கள். சுமையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்தப் பக்க சப்போர்ட்தான் அதிகம் தாங்கும் என்று போன வாரம்தானே படித்தார்கள். ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசி, வேறு விடை சொன்னவரை ஒத்துக்கொள்ள வையுங்கள் என்கிறார். அப்புறம் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்.

“லோடு நகர்ந்தா அந்தப் பக்கம்தானே கூடும்?”

“இது லோடே இல்லடா. திருப்பம் மட்டும்தான். எந்தப் புள்ளியைச் சுத்தி மொமென்ட் எழுதினாலும் அதே 12தான் வருது. தூரம் எங்கே உள்ளே வருது, காட்டு?”

அந்தக் கடைசிக் கேள்வி ஆசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நேற்றுப் புரிந்துகொண்ட ஒரு மாணவர், அது எப்படிப் புரியாமல் இருந்தது என்பதை இன்னும் மறக்கவில்லை. இருபது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு அது எப்போதோ மறந்துபோயிருக்கும். இரண்டாவது ஓட்டெடுப்பில் பெரும்பாலோர் மாறாது என்பதற்கு வந்துவிடுகிறார்கள். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 கிலோநியூட்டன். ஒரு முனையில் மேல்நோக்கி, மறுமுனையில் கீழ்நோக்கி, கப்பிள் எங்கே இருந்தாலும் அவ்வளவுதான்.

இங்கேயே நிறுத்தினால் பாதிப் பாடம்தான். ஆசிரியர் அடுத்த கேள்வியைப் போடுகிறார்: அப்படியென்றால் கப்பிள் எங்கே இருந்தாலும் பீமுக்கு ஒன்றுதானா? ஆமாம் என்று உற்சாகமாகக் கை தூக்குகிறவர்கள் இப்போது மாட்டிக்கொள்கிறார்கள். குழுக்களாக உட்கார்ந்து, பீமை வளைக்கும் திருப்பம் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு என்று காட்டும் பெண்டிங் மொமென்ட் படம் வரைகிறார்கள். 2 மீட்டரில் இருந்தால் அந்தப் புள்ளிக்கு ஒரு பக்கம் 4, மறுபக்கம் எதிர்த்திசையில் 8. நடுவில், 3 மீட்டரில் வைத்தால் இரண்டு பக்கமும் 6. ரியாக்‌ஷன் மாறவே இல்லை, ஆனால் பீம் தாங்க வேண்டிய உச்சம் 8-லிருந்து 6-ஆக இறங்கிவிட்டது. பீமில் இந்தக் கப்பிளைச் செலுத்தும் ஒரு பிராக்கெட்டை எங்கே பொருத்துவது என்ற வடிவமைப்புக் கேள்விக்கு மாணவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஆனது இருபத்தைந்து நிமிடம். விரிவுரையில் இதே விஷயம் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும், மூன்று நாளில் மறந்துமிருக்கும்.

மசூர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். முதல் ஓட்டெடுப்பில் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையே இருந்தால்தான் விவாதத்துக்கு விட வேண்டும். அதற்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, தெரியாதவர் தெரியாதவருக்குச் சொல்வதாகிவிடும். மேலே என்றால் கேள்வி சுலபம், தாண்டிப் போய்விடலாம். ஆகவே தலைகீழ் வகுப்புக்குத் தயாராகும் ஆசிரியரின் நேரத்தைத் தின்பது இப்படிப்பட்ட கேள்விகளை யோசிப்பதுதான். நல்ல கேள்வி ஒன்று அமைய ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

இன்ஜினியரிங்குக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதும் இந்தக் காட்சியிலேயே தெரிகிறது. இங்கே திறமை என்பது பெரும்பாலும் கணக்கை அமைப்பதில் இருக்கிறது. உறுப்பைத் தனியாகப் பிரித்து அதன்மேல் உள்ள விசைகளைக் காட்டும் ஃப்ரீ பாடி டயக்ரம் வரைவது, வெப்ப இயக்கவியலில் எதைச் சிஸ்டம் என்று வட்டம் போடுவது, சர்க்யூட்டில் (மின்சுற்றில்) எந்த நோடை, அதாவது எந்த இணைப்புப் புள்ளியை, மின்னழுத்தம் பூஜ்யமான தரையாக எடுப்பது எல்லாமே முடிவுகள். போர்டில் வேறொருவர் முடிவெடுப்பதைப் பார்த்து இது வராது. பார்க்கும்போது எல்லா முடிவும் இயல்பாகவே தோன்றும், அதுதான் வம்பு. தவறான முடிவை எடுத்து, அந்த நிமிடமே யாராவது “ஏன் அப்படி?” என்று கேட்டால்தான் தெளியும். அசைன்மென்ட்டைத் திருத்தி இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால் சிவப்பு மையைத்தான் பார்ப்பார்கள்.

ஆதாரம் என்ன சொல்கிறது? அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இன்ஜினியரிங் மாணவர்களுக்கான இயற்பியல் பாடத்தில் நடந்த சோதனை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்டார்கள். தலா 270 பேர் அளவில் இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு அனுபவமுள்ள, மாணவர்கள் மெச்சும் பேராசிரியர் விரிவுரை நடத்தினார். மற்றதை, அனுபவம் அதிகமில்லாத, ஆனால் புதிய முறையில் பயிற்சி பெற்றவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டிச் சில பக்கம் வாசிப்பு, ஒரு சின்ன வினாடிவினா, வகுப்பில் கேள்வியும் விவாதமும். தேர்வில் விரிவுரைப் பிரிவின் சராசரி 41 சதவீதம், மற்றப் பிரிவுக்கு 74. கவனியுங்கள், அங்கே வீடியோவே கிடையாது. ஒரே வார சோதனை, உடனடித் தேர்வு என்ற குறைகள் இருந்தாலும் இந்த இடைவெளியை ஒதுக்கித் தள்ள முடியாது.

அடுத்து சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம். 2012-இல் அங்கே சர்க்யூட் பாடத்தின் ஒரு பிரிவுக்கு எம்.ஐ.டி.யின் இணைய விரிவுரைகளை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பில் கணக்குப் போட வைத்தார்கள். மற்றப் பிரிவுகளில் தேர்ச்சி 60 சதவீதத்தை எட்டாதபோது இந்தப் பிரிவில் 90-ஐத் தாண்டியது. பத்திரிகைகள் இதை எம்.ஐ.டி. வீடியோவின் வெற்றியாக எழுதின. வகுப்பில் கூடுதல் ஆசிரியர் கவனமும் பயிற்சியும் கிடைத்ததை அவ்வளவாக எழுதவில்லை.

மறுபக்கம் ஹார்வி மட் கல்லூரி. கலிபோர்னியாவில் உள்ள சின்ன, நல்ல இன்ஜினியரிங் கல்லூரி. அங்கே ஆசிரியர்கள் கவனமாகத் திட்டமிட்டு, பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. இது தோல்வி மாதிரி தெரியும், ஆனால் எனக்கு மிகவும் உதவியது இந்த முடிவுதான். அங்கே வகுப்புகள் சிறியவை, சாதாரண வகுப்பிலேயே கேள்வியும் பேச்சும் நிறைய நடக்கும். ஏற்கெனவே வகுப்பில் மாணவர்களை வேலை செய்ய வைக்கிற இடத்தில், தலைகீழாக்கிப் புதிதாக என்ன கிடைத்துவிடும்? 2015-இல் பிரிகம் யங் பல்கலைக்கழக உயிரியல் வகுப்புகளில் செய்த ஆய்வு இதை நேராகவே சோதித்தது. இரண்டு பிரிவிலும் மாணவர்கள் செயல்பட்டுக் கற்றார்கள், ஒன்று மட்டும் தலைகீழ். பலன் இரண்டிலும் ஒன்றே. கற்றலைத் தூக்கிவிட்டது வகுப்பில் நடந்த செயல்தான்.

இன்ஜினியரிங் பாடங்களை மட்டும் எடுத்து, 29 ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019-இல் வந்தது. தலைகீழ் முறைக்குச் சாதகமான, ஆனால் சிறிய பலன் என்பது அதன் முடிவு. அதில் ஒரு நுணுக்கம்: வகுப்பின் தொடக்கத்தில் ஆசிரியர் ஒரு குட்டி மீள்பார்வை செய்த இடங்களில் பலன் கூடுதல். மேலே கப்பிள் வகுப்பில் பார்த்த அந்த ஐந்து நிமிடம்தான்.

இனி கொஞ்சம் கசப்பான செய்தி. தேயரின் அதே வெஸ்ட் பாயின்டில், சில ஆண்டுகளுக்கு முன் 1,300-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு, எந்த வகுப்புக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து ஒரு சோதனை நடந்தது. கணிதத்தில் குறுகிய காலப் பலன் தெரிந்தது, பொருளாதாரத்தில் ஒன்றுமில்லை. போகப்போக கணிதத்தில் கிடைத்த சராசரிப் பலனும் கரைந்துவிட்டது. அதைவிட முக்கியம், பலன் அதிகம் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்களுக்கு. மாணவர்களுக்கிடையே இருந்த இடைவெளி விரிந்தது. பாடத்தைத் தானே படித்துவிட்டு வா என்று சொல்லும்போது, தானே படிக்கத் தெரிந்தவருக்கு அது வசதி. பழக்கமில்லாதவருக்கு, மற்றவர்களோடு சேர்ந்து கேட்டாவது புரிந்துகொள்ளக் கிடைத்த வாய்ப்பும் போகிறது. இந்த முறையைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வீடியோவைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக நிலைத்துப் பார்த்தது அதிகபட்சம் சுமார் ஆறு நிமிடம் என்று தெரிந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பதிவான ஒரு மணி நேர விரிவுரைகளை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, வகுப்பைத் தலைகீழாக்கிவிட்டோம் என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. பாவம் மாணவர்கள். செல்போனில் பதிவுசெய்த, கையால் எழுதிக்காட்டும் ஆறு நிமிட விளக்கமே போதும். புத்தகத்தில் அந்தப் பகுதி நன்றாக இருந்தால் வீடியோவே வேண்டாம்.

மாணவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? ஆரம்பத்தில் எரிச்சலோடு. “சார் பாடமே நடத்தறதில்ல, நாங்களே படிச்சுக்கணுமாம்” என்ற புகார் கட்டாயம் வரும். இதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தெளிவான விரிவுரை கேட்கச் சுகமானது, அந்தச் சுகத்தைப் புரிதல் என்று நம்பிவிடுகிறோம். திணறல் கற்றலின் அறிகுறியாகவே தோன்றுவதில்லை. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. சியாட்டில் பல்கலைக்கழகத்தில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை இப்படி மாற்றியபோது, முதலில் திணறிய மாணவர்கள் நான்காவது வாரத்தில் பழகிவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் பலர் இரண்டாவது வாரத்திலேயே பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

அந்தப் புகாரில் ஒரு நியாயமும் இருக்கிறது, நேரக் கணக்கு. ஒரு பாடத்துக்கு இரவில் இருபது நிமிட வீடியோ சரிதான். ஐந்து பாடத்துக்கும் ஐந்து பேர் தனித்தனியாக இதைச் செய்தால்? வீட்டுவேலையைக் குறைக்காமல் அதன் தலையில் வீடியோவை ஏற்றிவைத்தால் அது தலைகீழ் வகுப்பறை அல்ல, ஒன்றரைப் பாடம். ஆகவே ஒரு செமஸ்டர் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வழுக்கி விழுகிற நான்கைந்து தலைப்புகள் எல்லாப் பாடத்திலும் உண்டு. அவற்றை மட்டும் மாற்றினாலே போதும்.

படிக்காமல் வருகிறவர்களை என்ன செய்வது? பாவம் பார்த்துப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் கதை முடிந்தது. படித்துவிட்டு வந்தவர்கள் அடுத்த முறை படிக்க மாட்டார்கள், இரண்டு வாரத்தில் பழைய விரிவுரை திரும்பிவிடும். முன்கூட்டிய வினாடிவினாவுக்குச் சிறிய மதிப்பெண் வைப்பது பெரும்பாலும் வேலை செய்கிறது. தப்பாகச் சொன்னாலும் முயன்றதற்கு மதிப்பெண் என்று வைத்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் குழப்பத்தை மறைக்காமல் எழுதுவார்கள்.

பெரிய வகுப்பு, தரையோடு பொருத்திய படிக்கட்டு இருக்கைகள், ஒரே ஆசிரியர் என்பவை நிஜமான தடைகள். ஓட்டெடுப்பும் பக்கத்து ஆளோடு வாதமும் அங்கேயும் நடக்கும், 270 பேரோடு நடந்ததைப் பார்த்தோம். குழு வடிவமைப்பு வேலைதான் கஷ்டம். அதற்கு நடமாட இடமும், சுற்றிவர இரண்டு மூன்று பேரும் வேண்டும்.

இடத்தையும் ஆளையும்விடப் பெரிய தடை வினாத்தாள் என்பேன். வகுப்பில் செமஸ்டர் முழுக்கக் கப்பிளை நகர்த்தி வாதாட வைத்துவிட்டு, கடைசியில் “பின்வரும் சமன்பாட்டைத் தருவிக்கவும், 16 மதிப்பெண்” என்று கேட்டால், மாணவர்கள் புத்திசாலிகள், எது விலைபோகிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு முன்கூட்டியே சேதியும் போய்விடும். போதாததற்கு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கணக்கை இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நொடியில் படிப்படியாகப் போட்டுத் தருகிறது. அந்த நோட்டைப் பார்த்து மாணவருக்கு என்ன தெரியும் என்று சொல்ல முடியாது.

எனவே இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர் கேமராவைத் தேடும் முன் போன ஆண்டு வினாத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதில் மனப்பாடம் செய்தவர் எழுதிவிடக்கூடிய ஒரு கேள்வியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 6 மீட்டர் பீம் ஒன்றை வரைந்து, கப்பிளை எங்கே வைப்பீர்கள், ஏன் என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு மாணவர்கள் பதில் எழுத வேண்டுமானால் வகுப்பில் அதற்கு முன் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். வீடியோவில் என்ன சொல்ல வேண்டும் என்பதும்கூட.